தொலைந்துபோன ஒரு நிபந்தனை

1990ஆம் ஆண்டு ‘ஃபெப்ஸ் லெட்டர்ஸ்’ என்னும் ஆய்விதழில், பூனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ. எஸ். கோலாஸ்கரும் பி. சி. தோங்காவ்கரும் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஒரு புரதத்தின் எந்தப் பகுதியை உடலின் எதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே கணிக்க அது ஓர் எளிய முறையை முன்வைத்தது. சோதனைகளால் ஏற்கெனவே அறியப்பட்ட பற்றிடங்களை ஆராய்ந்ததில் அவர்கள் கண்ட உண்மை இது: சிஸ்டீன், லியூசின், வாலின் ஆகிய நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள் புரதத்தின் மேற்பரப்பில் அமைந்திருந்தால், அவை பற்றிடத்தின் பகுதியாக இருக்க வாய்ப்பு மிகுதி.

இவ்வாக்கியத்தின் உயிர் ‘அமைந்திருந்தால்’ என்னும் நிபந்தனை வினையெச்சத்தில் உள்ளது. அந்த எச்சத்தை நீக்கினாலும் வாக்கியம் இலக்கணப் பிழையின்றி நிற்கும். பொருள் மட்டும் வேறாகிவிடும். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்தியக் கல்விப்புலத்தில் இம்முறைக்கு நேர்ந்திருப்பது ஏறத்தாழ இதுவே. முற்றுவினை பிழைத்தது, எச்சம் விழுந்தது.

உயிர்தகவலியல் துறைகளில் எழுதப்படும் முதுகலைத் திட்டக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் படிப்போர்க்கு இதன் நடைமுறை வடிவம் பழக்கமானது. ஏதேனும் ஒரு நோய்க்கிருமியின் புரத வரிசை தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அது ஓர் இணையக் கருவியில் ஒட்டப்படுகிறது. கருவி ஏழு ஏழு எழுத்துகளாக நகர்ந்து சராசரி கணக்கிட்டு, மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடம் தருகிறது. மேடுகள் ‘எபிடோப்’ என்று பெயர்பெற்று அட்டவணையில் ஏறுகின்றன. அட்டவணையிலிருந்து சில துண்டுகள் இணைப்பிகளால் கோக்கப்பட்டு ‘பல்-எபிடோப் தடுப்பூசி’ ஆகின்றன. முடிவுரையில் ‘மேலும் ஆய்வகச் சோதனை தேவை’ என்ற ஒற்றை வரி இடம்பெறுகிறது. இந்த வழி நெடுகிலும் அந்த எழுத்துகள் புரதத்தின் வெளியே இருக்கின்றனவா, உள்ளே புதைந்துள்ளனவா என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. வரிசையை மட்டும் பெற்ற கருவிக்கு அதனை அறிய வழியும் இல்லை.

நிபந்தனையை விடுவதால் துல்லியம் சற்றுக் குறையும், அவ்வளவுதானே என்று கருதுவது தவறு. விளைவு தலைகீழாகவே மாறக்கூடும். நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள் இயல்பில் நீரை விட்டு ஒதுங்குபவை. புரதம் மடியும்போது அவற்றுள் பெரும்பாலானவை உள்ளே ஒளிந்துகொள்கின்றன. மேற்பரப்பில் எஞ்சி நிற்பவை விதிவிலக்குகள். கோலாஸ்கரும் தோங்காவ்கரும் பேசியது அந்த விதிவிலக்குகளைப் பற்றியே. மேற்பரப்பு என்ற கட்டுப்பாடின்றி அதே அளவுகோலைப் பயன்படுத்தினால், எதிர்ப்பொருள் ஒருநாளும் எட்ட முடியாத உட்கருவும், உயிரணுச் சவ்வுக்குள் செருகிக் கிடக்கும் பகுதியும் உயர்ந்த மேடுகளாக எழும். 1981இல் ஹாப்பும் வுட்ஸும் நீர்விரும்பும் பகுதிகளைத் தேடும் முறையை வகுத்தபோது, ‘நீரை விரும்பினால் வெளியே இருக்கும்’ என்ற ஊகமாவது அதில் உட்பொதிந்திருந்தது. பூனா முறையில் அந்த ஊகமும் இல்லை. மேற்பரப்பைத் தனியே காட்டியாக வேண்டும்.

வரிசைக்கும் வடிவத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு தமிழிலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. நன்னூல் எண்வகைப் பொருள்கோள் கூறும். ஆற்றுநீர்ப் பொருள்கோளில் சொற்கள் நின்ற முறையிலேயே பொருள் ஒழுகிச் செல்லும். பூட்டுவிற் பொருள்கோளில் செய்யுளின் முதலில் நிற்கும் சொல்லும் இறுதியில் நிற்கும் சொல்லும் வில்லின் இரு முனைகளைப் போல இணைந்தே பொருள் தரும். கொண்டுகூட்டில் பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களை எடுத்துக் கூட்ட வேண்டும்.

1986இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் போல்யாக் குழுவினர் கோழிமுட்டை வெண்கருவின் லைசோசைம் புரதம் ஓர் எதிர்ப்பொருளோடு பிணைந்த நிலையை எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் கண்டபோது வெளிப்பட்டது பூட்டுவில்தான். அப்புரதத்தில் 129 அமினோ அமிலங்கள் உள்ளன. எதிர்ப்பொருள் பற்றியிருந்த இடத்தில் 18 முதல் 27 வரையிலான துண்டும் 116 முதல் 129 வரையிலான துண்டும் அருகருகே இருந்தன. வரிசையில் அவற்றுக்கிடையே எண்பத்தெட்டு இடங்கள் தொலைவு. மடிந்த வடிவில் அவை அண்டை வீடுகள். ஏழு எழுத்துச் சாளரம் எத்தனை முறை நகர்ந்தாலும் இவ்விரண்டையும் ஒருசேரக் காண இயலாது. பார்லோ, எட்வர்ட்ஸ், தார்ன்டன் ஆகியோர் அதே ஆண்டில் ‘நேச்சர்’ இதழில், மேற்பரப்பின் பற்றிடங்களில் பெரும்பாலானவை ஓரளவேனும் இத்தகைய தொடர்ச்சியற்ற கூட்டுகளாகவே இருக்கும் என்று வடிவியல் அடிப்படையில் காட்டினர்.

இந்த உவமைக்கும் எல்லை உண்டு. செய்யுளில் சொற்களைக் கூட்டுவது படிப்பவரின் அறிவு. புரதத்தில் எதிர்ப்பொருள் வந்து சேரும் முன்பே மடிப்பு அக்கூட்டலை முடித்துவிடுகிறது. ஆகவே மடிப்பை அறியாமல் பற்றிடத்தை ஊகிப்பதில் வாசிப்புத் திறமைக்கு இடமில்லை.

இதனை முதலில் உணர்ந்து நகர்ந்தவர்களுள் கோலாஸ்கரே ஒருவர் என்பதுதான் இக்கதையில் கவனிக்கத்தக்க செய்தி. 1999இல் அவரும் ஊர்மிளா குல்கர்னி-காலேயும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் உறைப் புரதத்துக்கு முப்பரிமாண மாதிரி அமைத்து, அதன்மீது பற்றிடங்களைக் குறித்தனர். தென்னிந்தியாவுக்கு அந்நோய் அயலானதன்று. இந்தியாவில் மனிதரிடம் அது முதலில் இனங்காணப்பட்டது 1955இல் வேலூரில்; 1996இல் கொச்சிக்குத் தெற்கே குட்டநாட்டு வயல்வெளிகளில் கொள்ளைநோயாகப் பரவியது. 2005இல் அதே பூனா குழு ‘செப்’ என்னும் இணையக் கருவியை வெளியிட்டது. வடிவத்தைப் பெற்று, வெளித்தெரியும் அமினோ அமிலங்களையும் அவற்றுக்கிடையிலான இடத்தொலைவையும் கணக்கிட்டு, தொடர்ச்சியற்ற பற்றிடங்களைக் கணிக்கும் முன்னோடிக் கருவிகளுள் அது ஒன்று. நிபந்தனையை எழுதியவர்களே பின்னர் அதனைக் கருவிக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆய்வேடுகள் 1990ஐ மேற்கோள் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டன.

வடிவத்தைப் பயன்படுத்தினால் சிக்கல் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 1990 கட்டுரை தன் முறைக்கு ஏறத்தாழ 75 விழுக்காடு துல்லியம் கூறியது. ‘செப்’ கருவியும் 75 விழுக்காடு என்றது. இவ்வெண்கள் ஆய்வேடுகளில் ஐயமின்றிப் படியெடுக்கப்படுகின்றன. ஆனால் பிறர் நடத்திய ஒப்பீடுகள் வேறு கதை சொல்கின்றன. 2005இல் பிளைத், ஃபிளவர் இருவரும் 484 அமினோ அமில அளவுகோல்களை 50 புரதங்கள்மீது சோதித்து, அவற்றுள் மிகச் சிறந்தவையும் குருட்டு ஊகத்தைவிடச் சிறிதளவே மேல் என்று கண்டனர். 2007இல் பொனமரென்கோவும் போர்னும் வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட கருவிகளைச் சோதித்தனர். அவற்றுள் ‘செப்’ கருவியும் இருந்தது. எந்தக் கருவியும் 40 விழுக்காடு நுட்பத்தையோ 46 விழுக்காடு மீட்பையோ தாண்டவில்லை. எளிய மொழியில் சொன்னால், கருவி சுட்டிய ஐந்து இடங்களில் மூன்றேனும் தவறு. உண்மையான இடங்களில் பாதிக்கு மேல் அதன் கண்ணில் படவில்லை.

இதன் காரணம் கணக்கின் குறைபாட்டில் மட்டும் இல்லை. கேள்வியிலேயே ஒரு சிக்கல் உள்ளது. எபிடோப் என்பது புரதத்துக்கு மட்டும் உரிய பண்பன்று. அது ஓர் உறவு. இந்தப் புரதத்தை இந்த எதிர்ப்பொருள் இங்கே பற்றியது என்பதே அதன் இலக்கணம். வேறொரு எதிர்ப்பொருள் வேறோரிடத்தைப் பற்றலாம். போதிய எதிர்ப்பொருள்கள் கிடைத்தால் மேற்பரப்பின் ஏறத்தாழ எப்பகுதியும் பற்றிடமாகலாம் என்பது 1980களிலிருந்தே பேசப்பட்டு வரும் கருத்து. அப்படியானால் தரவுத்தொகுப்பில் ‘பற்றிடம் அல்ல’ என்று குறிக்கப்பட்டவற்றுள் பல, இதுவரை எவரும் காணாதவை மட்டுமே. மொழித்தொகுப்பில் ஒரு தொடர் காணப்படாததால் அது அம்மொழியில் வழுவாகிவிடாது என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். அதே பாடம் இங்கும் பொருந்தும்.

இன்று வந்திருக்கும் புதிய கருவிகளையும் இந்தப் பாடத்தோடுதான் அணுக வேண்டும். 2022இல் வந்த ‘பெபிபிரெட்’ கருவியின் மூன்றாம் பதிப்பு, கோடிக்கணக்கான புரத வரிசைகளைப் படித்துப் பயின்ற மொழிமாதிரி ஒன்றின்மீது கட்டப்பட்டது. ‘டிஸ்கோடோப்’ கருவியின் மூன்றாம் பதிப்பு ஆல்ஃபாஃபோல்டு கணித்த வடிவங்களையும் ஏற்கிறது. முந்தையவற்றைவிட இவை மேம்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் புரத மொழிமாதிரி கற்பது எது இயற்கையில் வாழக்கூடிய வரிசை என்பதை. அவ்வரிசையைக் கேட்டு மறுமொழி தரும் உடலைப் பற்றி அதற்கு நேரடி அறிவில்லை. ஒரு மொழியின் வாக்கியங்களையெல்லாம் கற்ற பின்னும், ஒரு குறிப்பிட்ட அவையில் எந்தச் சொல் கேட்பவரைச் சுடும் என்று அறிவது வேறு கல்வி.

வடிவம் தவறினால் என்ன நேரும் என்பதை 1966இல் அமெரிக்காவில் நடந்த ஒரு தடுப்பூசிச் சோதனை காட்டிவிட்டது. குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து ஊசியாகக் கொடுத்தனர். காப்பதற்கு மாறாக, பின்னர் அவ்வைரஸ் தொற்றிய குழந்தைகளிடம் அது நோயைக் கடுமையாக்கியது. இரு குழந்தைகள் இறந்தன. உடல் அந்த ஊசிக்கு எதிர்ப்பொருள்களை உருவாக்காமல் இல்லை. அவை வைரஸை முடக்கும் ஆற்றல் குறைந்தவையாக இருந்தன என்பதே பின்னாளில் கிடைத்த விளக்கங்களுள் முதன்மையானது. 2013இல் மெக்லெல்லன் குழுவினர், உயிரணுவோடு இணைவதற்கு முன்னைய நிலையில் மட்டும் அவ்வைரஸின் எஃப் புரதத்தின் உச்சியில் திறந்திருக்கும் பற்றிடம் ஒன்றைப் படிகவியலால் கண்டனர். அந்த நிலையிலேயே புரதத்தைப் பூட்டி நிறுத்தி உருவாக்கிய தடுப்பூசிகள் 2023இல் ஒப்புதல் பெற்றன. புரதத்தின் வரிசையில் பெரிய மாற்றமில்லை. மாறியது மடிப்பு, அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

கொச்சியில் இது ஏட்டுச் சிக்கலாக மட்டும் இருக்க முடியாது. 2018இல் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் பரவிய நிபா 17 உயிர்களைக் கொண்டுபோனது. 2019 ஜூனில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒருவருக்கு அந்நோய் உறுதியானபோது, ஏலூரை அடுத்த களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் தனிமைப் பிரிவு திறக்கப்பட்டது. நோயாளி பிழைத்தார், நோய் வேறெவருக்கும் பரவவில்லை. 2018 பரவலின்போது ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ‘எம்102.4’ என்னும் எதிர்ப்பொருள், வைரஸின் ஜி புரதம் மனித உயிரணுவின் எஃப்ரின் ஏற்பியைப் பற்றும் இடத்தையே அடைத்துக்கொள்கிறது. ஆறு இதழ்கள் கொண்ட காற்றாடி போன்றது அப்புரதத்தின் தலைப்பகுதி; வரிசையில் தொலைவில் உள்ள வளைவுகள் அக்காற்றாடியின் உச்சியில் கூடி அவ்விடத்தை ஆக்குகின்றன. மீண்டும் கொண்டுகூட்டுத்தான். நிபா புரத வரிசையை ஏழு ஏழு எழுத்தாக அளந்து எழுதப்படும் ஆய்வேடுகளில், மனித உயிரைக் காக்கக்கூடிய இந்த ஓரிடம் முழுவடிவில் ஒருபோதும் தோன்றாது.

குற்றத்தை மாணவர்மீது சுமத்துவது எளிது, அது நியாயமன்று. சிறு நகரக் கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு உயிரணு வளர்ப்பு ஆய்வகம் இல்லை. எதிர்ப்பொருள் வாங்கப் பணமில்லை. ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் செய்யக்கூடிய ஆய்வாக எஞ்சியிருப்பது இதுதான். பூனா முறையே ஒற்றை அளவுருவில் எவரும் எளிதில் பயன்படுத்தத்தக்கதாக வடிவமைக்கப்பட்டது. அந்த ஜனநாயக நோக்கம் மதிக்கத்தக்கது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையையும் இரண்டு மாநாட்டு உரைகளையும் கட்டாயமாக்கியது. விரைவில் அச்சேறும் ஆய்வுக்கு அது ஒரு சந்தையை உண்டாக்கியது. 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. துறைகளின் பழக்கம் அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

ஆயினும் ஏழ்மையை நிபந்தனையை விடுவதற்கான நியாயமாக ஏற்க இயலாது. இதற்கு எதிர்ச்சான்று எர்ணாகுளத்திலேயே பிறந்தது. ஜி. என். ராமச்சந்திரன் 1922இல் அந்நகரில் பிறந்தவர். தந்தையார் மகாராஜா கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு மூவிழைச் சுருள் வடிவத்தை முன்வைத்தனர். அடுத்த ஆண்டே ரிச்சும் கிரிக்கும் அதில் சில அணுக்கள் ஏற்க முடியாத அளவுக்கு நெருங்கியுள்ளன என்று குறைகூறினர். ராமச்சந்திரன் அதற்குச் சொல்லால் மட்டும் விடையளிக்கவில்லை. அதுவரை தீர்க்கப்பட்டிருந்த படிக அமைப்புகளைத் தொகுத்து, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்க முடியும் என்று அளந்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட, இன்று அவர் பெயராலேயே வழங்கும் வரைபடம் அந்த அளவீட்டின் கனி. அதுவும் ஒரு கணிப்புத்தான். புதிதாகத் தீர்க்கப்பட்ட ஒவ்வொரு புரத அமைப்பும் அதனைச் சோதித்தது. இன்று ஒரு புரத அமைப்பின் தரத்தைச் சோதிப்பதே அந்த வரைபடம்தான். 1970களில் பெப்டைடு அலகைப் பற்றி ராமச்சந்திரனோடு இணைந்து கட்டுரை எழுதியவர்களுள் கோலாஸ்கரும் ஒருவர். ஆக, பூனாவின் அந்த நிபந்தனை எச்சம் தற்செயலாக எழுதப்பட்டதன்று. அளந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூறாத மரபின் பிள்ளை அது.

அம்மரபைக் காக்கப் பெரும் பணம் தேவையில்லை; சில எளிய கட்டுப்பாடுகள் போதும். 1990இல் உலகப் புரதத் தரவு வங்கியில் இருந்தவை ஏறத்தாழ 500 அமைப்புகள். இன்று இரண்டு இலட்சத்துக்கு மேல். சோதனை வழி அமைப்பு இல்லாவிடில், ஆல்ஃபாஃபோல்டு போன்ற கருவியில் வரிசையை இட்டு உத்தேச வடிவம் பெறலாம். ஆகவே வடிவம் கிடைக்கவில்லை என்ற காரணம் இனி செல்லாது. கணித்த ஒவ்வொரு துண்டையும் வடிவத்தின்மீது வைத்து, வெளியே தெரிகிறதா என்று காட்ட வேண்டும். அவ்விடத்தைச் சர்க்கரைச் சங்கிலிகள் மூடுகின்றனவா, புரதங்கள் இரண்டு மூன்றாக இணையும்போது அது உள்ளே மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிய வைரஸுக்குப் போகும் முன், எதிர்ப்பொருளோடு படிகமாக்கப்பட்ட பழைய புரதம் ஒன்றில், லைசோசைமிலேயே, அதே கருவியை அதே அமைப்புகளுடன் ஓட்டி, அது எத்தனை இடங்களைச் சரியாகச் சொன்னது என்ற எண்ணை ஆய்வேட்டில் பதிய வேண்டும். இதற்கு ஒரு பிற்பகல் போதும். கருவியை ஆக்கியவர் கூறிய 75க்குப் பதில், மாணவர் தாமே கண்ட எண் அங்கே நிற்கும்.

நெறியாளரும் தேர்வாளரும் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வாய்மொழித் தேர்வில், ‘இத்துண்டு மேற்பரப்பில் உள்ளதா? எவ்வாறு அறிந்தீர்?’ என்ற கேள்வியை ஒவ்வொரு மாணவரிடமும் கேட்க வேண்டும். விடை இல்லாத ஆய்வேட்டில் ‘தடுப்பூசி’ என்ற சொல்லை நீக்கி ‘கருதுகோள்’ என்று எழுதச் சொல்ல வேண்டும். கருதுகோள் இழிவான சொல் அன்று; நேர்மையான சொல். கணக்கிட்டவர் ஒரு துறையிலும் சோதிக்கக் கூடியவர் மற்றொரு துறையிலும், பல நேரங்களில் ஒரே வளாகத்தில், ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள். பத்துத் துண்டுகளைக் கணித்து அட்டவணையிடுவதைவிட, ஒரே துண்டைத் தேர்ந்து அடுத்த கட்டடத்தில் சோதிக்கச் செய்து, அது பொய்த்தது என்று எழுதும் ஆய்வேடு அடுத்து வருபவருக்குப் பயன்படும்.

மூன்று பக்கக் கட்டுரையில் அந்த நிபந்தனை இன்றும் அச்சாகி நிற்கிறது. அதனை மேற்கோள் காட்டுவோர் அவ்வாக்கியத்தை முழுமையாகப் படிக்க வேண்டும் என்பதே இங்கு வைக்கப்படும் கோரிக்கை.